ஒரு துளைக்கு ஒரு திருகாணி

இரும்புக்கு வாய் இருந்த காலத்தில் நடந்தது இது. அப்போது மரம் பேசும், கொடி பேசும், மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையும் பேசும். இரும்பும் பேசும். ஆனால் இரும்பின் பேச்சு எல்லோர் காதிலும் விழாது. அதை அடித்து உருவாக்கிய கை யாருடையதோ, அவருக்கு மட்டும்தான் கேட்கும்.

ஐரோப்பாவின் நடுவில், பனிமலைகளுக்கு வடக்கே, கால்டன்பாக் என்றொரு கொல்லர் ஊர் இருந்தது. மேலே பாறையின் உச்சியில் கோட்டை. கீழே ஓடைக்கரை நெடுகப் பட்டறைகள். அந்தப் பட்டறைகளில் துப்பாக்கி செய்தார்கள். கடைசிப் பட்டறை காஸ்பருடையது. அவன் குழல் அடிப்பான். அவன் மனைவி ஒட்டீலியா, துப்பாக்கியின் சின்னச் சின்ன உறுப்புகளை அரத்தால் ராவிச் சரிசெய்வாள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தையும் அவள் கட்டைவிரல் கண்டுபிடித்துவிடும்.

அந்நாளில் துப்பாக்கிக்குத் திருகாணி கிடையாது. குழலையும் மரக்கட்டையையும் ஆணி அடித்துச் சேர்ப்பார்கள். ஆணி நிற்காத இடத்தில் ஆப்பு செருகுவார்கள். குழலின் பின்பக்க வாயில் ஓர் இரும்புத் துண்டை வைத்து, காய்ச்சி அடித்து மூடிவிடுவார்கள். நாலு முறை சுட்டால் ஆணி ஆடும். பத்து முறை சுட்டால் ஆப்பு கழன்று விழும். பின்வாய் மூடி பிய்த்துக்கொண்டு வந்தால் சுடுகிறவனின் முகமே போய்விடும். அந்த ஊரில் ஒற்றைக் கண்ணோடு திரிந்தவர்கள் பலர்.

ஒரு கோடைக்காலத்தில் பட்டறைக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், காற்றுக்குச் சாய்ந்த ஒரு குச்சியை ஒட்டீலியா நிமிர்த்தப் போனாள். அவரைக்கொடி ஒன்று அதில் சுற்றி ஏறியிருந்தது. திரும்ப நடுவதற்காகக் குச்சியை உருவப் பார்த்தாள். அசையவில்லை.

"இழுத்தால் வராது. திருப்பிப் பார்" என்றது கொடி.

அவள் குச்சியைத் திருப்பினாள். சுற்றுக்குச் சுற்று வழி விட்டு, அது வெளியே வந்தது.

"இவ்வளவு மெல்லிய உடம்பு உனக்கு. எப்படி இத்தனை இறுக்கமாகப் பிடிக்கிறாய்?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

"நான் எங்கே பிடிக்கிறேன்? வெயிலைத் தேடி மேலே போகிறேன். நேராகப் போனால் விழுந்துவிடுவேன். சுற்றிக்கொண்டே போனால் விழுவதில்லை."

அன்றே அவள் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, அதன் மேல் நனைந்த நூலைச் சாய்வாகச் சுற்றினாள். நூல் போன வழியில் ஊசியால் கீறினாள். பிறகு முக்கோண அரத்தை வைத்து, அந்தக் கீறலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளமாக்கினாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ராவினால் ஒரு விரல் நீளத்துக்குப் புரி வந்தது. அதை உலையில் காய்ச்சி நீரில் முக்கிக் கெட்டியாக்கி, கொழுப்புத் தடவி, ஒரு துளைக்குள் திருப்பித் திருப்பி இறக்கினாள். துளைக்குள்ளும் புரி விழுந்தது. முதல் திருகாணி பிறந்தது அப்படித்தான்.

அதன் தலை வழவழவென்று உருண்டையாக இருந்தது. எந்த வெட்டும் இல்லை. அந்நாளில் இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும் என்பதால், விரல் வைத்து லேசாகத் திருப்பினாலே போதும், மீதிச் சுற்றைத் தானே சுற்றிக்கொள்ளும்.

"நான் எங்கே போகவேண்டும், அம்மா?" என்று கேட்டது திருகாணி.

"எந்தத் துளையில் வைக்கிறார்களோ அதில் போய் உட்கார். யார் கை வைத்தாலும் சரி. இறுகப் பிடித்துக்கொள்."

"சரி, அம்மா."

அதற்குப் பின் பிறந்தவையும் அந்தச் சொல்லை மீறவில்லை. துளை சற்றுப் பெரிதாக இருந்தால் கொஞ்சம் பருத்துக்கொண்டன. சிறிதாக இருந்தால் ஒடுங்கிக்கொண்டன. ஒரு துப்பாக்கியின் திருகாணி இன்னொன்றில் தடையில்லாமல் போய் உட்கார்ந்தது.

ஒட்டீலியாவுக்கு லீனார்ட் என்று ஒரு தம்பி இருந்தான். தாய் இறந்தபின் அவள்தான் அவனை வளர்த்தாள். அவனுக்கு இருபது வயது நடந்தபோது, கோட்டையின் தளபதி கொன்ராட், வீட்டுக்கு ஒருவர் என்று ஆண்களைக் காவலுக்குப் பிடித்தான். காஸ்பர் தன் வீட்டு ஆளாகவும், லீனார்ட் இறந்துபோன தாயின் வீட்டு ஆளாகவும் போனார்கள்.

அந்த ஆண்டு பனி முன்கூட்டியே விழுந்து, கதிர்கள் வயலிலேயே கறுத்துப்போயின. மலையடிவாரத்து உழவர்கள் பசியோடு வந்து கோட்டை வாசலில் நின்றார்கள். உள்ளே தானியக் கிடங்கு நிரம்பியிருந்தது. கொன்ராட் கதவைத் திறக்கவில்லை. கூட்டம் கதவைத் தள்ளத் தொடங்கியதும், மதில்மேல் நின்றவர்களைச் சுடச் சொன்னான். எல்லோரும் சுட்டார்கள். காஸ்பரும் கண்ணை மூடிக்கொண்டு வானத்தை நோக்கிச் சுட்டான். லீனார்ட் மட்டும் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டான்.

"இது பழுதாகிவிட்டதா?" என்று கேட்டான் கொன்ராட்.

"துப்பாக்கி நன்றாகத்தான் இருக்கிறது. என்னால் முடியவில்லை" என்றான் லீனார்ட்.

மறுநாள் அவனை மாவு ஆலையின் உத்தரத்தில் தூக்கிலிட்டார்கள். மூன்று நாட்களுக்கு இறக்கக் கூடாது என்று உத்தரவு. ஒட்டீலியா மூன்று நாளும் ஆலைக்கு எதிரே நின்றாள். நான்காம் நாள் அவளும் காஸ்பரும் அவனை இறக்கி, உறைந்த மண்ணைக் கடப்பாரையால் உடைத்துப் புதைத்தார்கள். வீடு திரும்பியதும் அவள் அழவில்லை. அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்துக் கொன்ராட் பட்டறைக்கே வந்தான். குதிரையிலிருந்து இறங்காமல் பேசினான்.

"ஈஸ்டர் பண்டிகைக்குள் எனக்கு நாற்பது துப்பாக்கி வேண்டும். எல்லாவற்றிலும் உன்னுடைய அந்தச் சுற்றாணி இருக்கவேண்டும். பின்வாயையும் அதை வைத்தே அடை. சுடுகிறவனின் முகம் இனிமேல் போகக் கூடாது."

"குழல் அடிக்க என் புருஷன் வேண்டும், ஐயா."

"அவன் பகலில் இங்கே இருக்கட்டும். வேலை முடிந்ததும் மேலே வந்துவிட வேண்டும். ஒரு துப்பாக்கி குறைந்தாலும், உன் தம்பி தொங்கிய உத்தரத்தில் அவன் தொங்குவான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஒன்று எனக்கு. அதன் கட்டையில் வெள்ளியில் ஒரு மான் பதித்திருக்கவேண்டும்."

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. காஸ்பர் குழல்களை அடித்துக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் முன்னதாகவே கோட்டைக்குப் போய்விட்டான். ஒட்டீலியா தனியாகத் திருகாணிகளை ராவினாள். இரும்புத் தூள் ஏறி அவள் விரல் நுனிகள் கறுத்துப் பிளந்தன. முப்பத்தொன்பது துப்பாக்கிகள் முடிந்தன. வெள்ளி மான் பதித்த துப்பாக்கி மட்டும், பின்வாய் திறந்தபடி சுவரில் சாய்ந்திருந்தது. கெடு முடிய இன்னும் ஒரு முழுப் பகல் இருந்தது.

கடைசி அடைப்புத் திருகாணியை ராவி முடித்துக் கையில் எடுத்தபோது அது பேசியது.

"அம்மா, எனக்குள் ஒரு விரிசல் இருக்கிறது."

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"வெளியே தெரியாது. அடிக்கும்போதே உள்ளே விழுந்துவிட்டது. மருந்து வெடித்தால் நான் தாங்கமாட்டேன். என்னை உலையில் போட்டுவிட்டு இன்னொன்று செய். நேரம் இருக்கிறது."

நேரம் இருந்தது. உலையும் எரிந்துகொண்டிருந்தது. ஒட்டீலியா எழுந்து உலை வரைக்கும் போனாள். அங்கே நின்று, சுவரில் சாய்ந்திருந்த வெள்ளி மானைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"நீ இதில் போய் உட்கார்" என்றாள்.

"அம்மா, இதைச் சுடுகிறவரின் முகம் எனக்கு நேர் பின்னால் இருக்கும்."

"எனக்குத் தெரியும்."

"பிடித்துக்கொள்ளத்தானே எங்களைச் செய்தாய்?"

"சொன்ன இடத்தில் உட்கார்."

அவள் விரல் வைத்துத் திருப்பினாள். திருகாணி சொன்ன பேச்சைக் கேட்டது. சுற்றிச் சுற்றி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நாற்பது துப்பாக்கிகளும் மாட்டு வண்டியில் கோட்டைக்கு ஏறின. ஆனால் மருந்து வந்து சேரவில்லை. மழையில் வழியெல்லாம் சேறாகி, மருந்து வண்டி தெற்கே எங்கோ சிக்கிக்கொண்டது. தினமும் காலையில் ஒட்டீலியா கதவைத் திறந்ததும் கோட்டைப் பக்கம் காது கொடுப்பாள். ஒரு வெடிச்சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். நாட்கள் போயின. ஒரு வாரம் மழை விடாமல் பெய்தது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காஸ்பருக்கு அரை நாள் விடுமுறை கிடைத்தது. வீட்டுக்கு வந்தான். முகத்தில் களை இருந்தது. லீனார்ட் செத்த பிறகு அவன் இப்படி இருந்து அவள் பார்க்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்தபடி பேசினான். முன்பு ஒருமுறை சம்மட்டி விழுந்து அவன் இடதுகைச் சுண்டுவிரல் உள்ளே மடங்கிப்போயிருந்தது. கிண்ணத்தைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக வளைந்து நிற்கும்.

"மேலே எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஒட்டீலியா."

"என்னைப் பற்றி என்ன?"

"ஆயுத அறைக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது. நாற்பது துப்பாக்கியும் நனைந்துபோயின. வெண்டலும் நாங்களும் எல்லாவற்றையும் பிரித்தோம்." வெண்டல் ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கால் நொண்டியான கிழவன். "குழல்களைத் துடைத்தோம். திருகாணிகளை மொத்தமாக ஒரே பானையில் போட்டுப் பன்றிக்கொழுப்பில் ஊறவைத்தோம். திரும்பப் பூட்டும்போது எது எதற்கு என்று தெரியவில்லை. வெண்டல் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் கை விட்டு எதை எடுத்தாலும், எந்தத் துளையில் வைத்தாலும், போய் உட்கார்ந்துவிடுகிறது! நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு வேலையைத் தான் பார்த்ததில்லை என்கிறான்."

ஒட்டீலியாவின் கையிலிருந்த கரண்டி சூப்புப் பானைக்குள் நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை.

"தளபதியின் துப்பாக்கியையும் பிரித்தீர்களா?"

"அதைத்தான் முதலில் பிரித்தோம்."

"எல்லாம் ஒரே பானையிலா?"

"ஒரே பானைதான். ஏன்? முகம் ஏன் இப்படி வெளுத்துவிட்டது?"

"ஒன்றுமில்லை. மருந்து வந்துவிட்டதா?"

"நேற்று வந்தது. நாளைக் காலையில் தளபதியோடு சேர்த்து நாற்பது பேரும் வரிசையாக நின்று சுடப்போகிறோம்."

"நாளைக்கு நீ போகாதே, காஸ்பர்."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா?"

"உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடு."

"லீனார்டும் முடியவில்லை என்றுதான் சொன்னான்."

அப்போது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவனை அவளுக்குத் தெரியும். கேட்ட மாத்திரத்தில் ஓடிப்போய் மற்ற முப்பத்தொன்பது பேரையும் தடுத்து நிறுத்துவான். கொன்ராட் ஏனென்று கேட்பான். அதற்கப்புறம் ஆலை உத்தரத்தில் இரண்டு கயிறு தொங்கும். நாற்பதில் ஒன்றுதானே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அந்த நாற்பது பேரின் முகமும் வரிசையாக வந்தது. தளபதியைத் தவிர எல்லோரும் ஓடைக்கரைக்காரர்கள்தான். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் அவள் சாப்பிட்டிருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டாள். காஸ்பர் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, மழை விட்டதும் கிளம்பினான்.

அவன் போனபிறகுதான் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. இரும்பின் பேச்சு அவளுக்குக் கேட்குமே. ஆயுத அறைக்குள் ஒரு நிமிஷம் நின்றால் போதும். "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால், அந்தத் திருகாணி எந்தத் துப்பாக்கியில் இருக்கிறதோ அங்கிருந்து பதில் சொல்லும். ராவியதில் ஒரு குறை, மாற்றிவிடுகிறேன் என்று வெண்டலிடம் சொல்லி வாங்கிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம்.

காலை வெளுத்ததும், நல்ல திருகாணி ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறினாள். மழையில் பாதை பெயர்ந்து கிடந்தது. இரண்டு இடத்தில் கையூன்றித் தவழ்ந்து போனாள். கோட்டை வாசலுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது.

"வெண்டலைப் பார்க்கவேண்டும்" என்றாள் காவலனிடம்.

"சுட்டு முடித்த பிறகுதான் கதவு திறப்பேன். வரிசை நின்றாகிவிட்டது."

"ஒரு திருகாணியை மாற்றவேண்டும். அவசரம், ஐயா. கொஞ்சம் திற."

"தளபதி உத்தரவு இல்லாமல் முடியாது. அந்தக் கல்லில் உட்கார்."

அவள் உட்காரவில்லை. மதிலில் முகத்தை வைத்துக் கூப்பிட்டாள். "எங்கே இருக்கிறாய்? நான்தான் வந்திருக்கிறேன். எங்கே இருக்கிறாய்?"

காவலன் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"இங்கே இருக்கிறேன், அம்மா."

"மான் போட்ட துப்பாக்கியிலா?"

"இல்லை. இதில் மான் இல்லை."

"யார் பிடித்திருக்கிறார்கள்?"

"பெயர் தெரியாது. மருந்து போட்டாகிவிட்டது. குண்டும் இறக்கியாகிவிட்டது. இப்போது கன்னத்தைக் கட்டையில் வைக்கிறார்."

"எப்படி இருக்கிறார், சொல்!"

"எனக்குக் கை மட்டும்தான் தெரிகிறது. இடதுகைச் சுண்டுவிரல் மடங்கியிருக்கிறது, அம்மா."

ஒட்டீலியா கத்தினாள். காஸ்பரின் பெயரைச் சொல்லித்தான் கத்தினாள். ஆனால் உள்ளே யாரோ ஆணையிட்டார்கள். நாற்பது துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. அவள் குரல் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது. பாறையிலிருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. புகை மதிலைத் தாண்டி மெல்ல அவள்மேல் இறங்கியது.

கதவு திறந்தது. வெண்டல் நொண்டிக்கொண்டு முதலில் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"உள்ளே வராதே, அம்மா" என்றான்.

அவள் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனாள். காஸ்பர் கல்தரையில் மல்லாந்து கிடந்தான். முகத்தின் மேல் யாரோ ஒரு மேலங்கியைப் போட்டிருந்தார்கள். அவள் அதை விலக்கினாள். வலது கண் இருந்த இடத்தில் உடைந்த திருகாணியின் தலை ஏறி நின்றது. அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, அதை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"நான் சொன்னேன், அம்மா" என்றது அது.

"ஏன் இதில் போய் உட்கார்ந்தாய்? இவர் யார் என்று உனக்குத் தெரியாதா?"

"பானையிலிருந்து எடுத்து ஒரு துளையில் வைத்தார்கள். உன்னைத் தவிர யாருக்கும் எங்கள் பேச்சு கேட்காதே. எந்தத் துளையில் வைத்தாலும், யார் கை வைத்தாலும் உட்காரச் சொன்னது நீதான்."

அவள் மேலங்கியை இழுத்து அவன் முகத்தை மறுபடி மூடினாள்.

"இனி நாங்கள் யார் பேச்சுக்கும் வளையமாட்டோம்" என்றது திருகாணி. "எந்தத் துளையை அளந்து எங்களைச் செய்கிறார்களோ, அதைத் தவிர வேறெங்கும் போகமாட்டோம். எங்களோடு பேசாதே. இனிப் பதில் வராது."

சுற்றியிருந்த முப்பத்தொன்பது துப்பாக்கிகளிலும் அவள் ராவிய திருகாணிகள் இருந்தன. அவை எப்போதும் மெல்லிய குரலில் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அந்த முணுமுணுப்பு சட்டென்று நின்றது.

ஒட்டீலியா எழுந்து கொன்ராடின் முன்னால் போனாள். அவன் வெள்ளி மான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உடைந்த திருகாணியை நான் உங்களுக்காகச் செய்தேன். விரிசல் இருப்பது தெரிந்துதான் உங்கள் துப்பாக்கியில் பூட்டினேன். என்னைத் தூக்கில் போடுங்கள்" என்றாள்.

கொன்ராட் தன் துப்பாக்கியின் பின்வாயைப் பார்த்தான். அவன் முகம் சாம்பல் நிறமானது. துப்பாக்கியை மெல்லத் தரையில் வைத்தான்.

"உன்னைத் தூக்கில் போட்டால் திருகாணி யார் செய்வது?" என்றான். "வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. நீ சாகிறவரை செய்துகொண்டிருப்பாய். அதுதான் உனக்கு."

அதற்குப் பிறகு அவன் எந்தத் துப்பாக்கியையும் தன் முகத்துக்கு அருகே கொண்டுபோனதில்லை. வெகுகாலம் உயிரோடிருந்து, படுக்கையில் செத்தான். அவனுக்கு வேறு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாம் நாள், காஸ்பரைப் புதைத்த மறுநாள், வெண்டல் துப்பாக்கிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். புகைக்கரி துடைக்க எல்லாவற்றையும் பிரித்திருக்கிறான். பிரிக்கவே இரண்டு நாள் ஆனதாம். விரல் வைத்தால் திருகாணி திரும்பவில்லை. குறடு போட்டு முறுக்கித்தான் கழற்றினானாம். இப்போது எதுவும் எதிலும் போகவில்லை.

"இது என்ன, அம்மா? போன வாரம் எல்லாம் எல்லாவற்றிலும் போனதே. கையிலிருந்து வழுக்குகிறது. உள்ளே வைத்தால் அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது."

ஒட்டீலியா ஒரு திருகாணியை எடுத்துக் காதருகே வைத்தாள். "திரும்பு" என்றாள். வெறும் இரும்பு. கீழே வைத்துவிட்டாள்.

"இனி அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

"பின்னே எப்படிப் பூட்டுவது?"

அவள் மெல்லிய அரத்தை எடுத்து, திருகாணியின் வழவழப்பான தலையில் குறுக்காக ஒரு வெட்டு வெட்டினாள். அதில் தட்டையான ஓர் இரும்பு முனையை வைத்து, உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினாள். முன்பானால் தலையில் அரம் பட்டால் இரும்பு முனகும். இப்போது முனகவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. முதல் முறையாகப் பட்டறையில் உட்கார்ந்து அழுதாள். வெண்டல் திரும்பி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக ஒரு திருகாணியை ராவத் தொடங்கினாள். வைத்துப் பார்ப்பாள், எடுப்பாள், ஒரு மயிரிழை ராவுவாள், மறுபடி வைப்பாள். பொருந்தியதும் திருகாணியின் கழுத்தில் ஒரு கோடு கீறுவாள், துளையின் ஓரத்திலும் ஒரு கோடு கீறுவாள். அடுத்ததற்கு இரண்டு கோடு. அதற்கடுத்ததற்கு மூன்று.

"இந்தக் கோடு எதற்கு?" என்று கேட்டான் வெண்டல்.

"ஒன்றின் இடத்தில் இன்னொன்றை யாரும் வைத்துவிடக் கூடாது" என்றாள். "பானையில் போடாதே. பிரித்தால் வரிசையாக வை. எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும்."

வெண்டல் தலையசைத்தான். அவள் சாகும்வரை அதே பலகையில் உட்கார்ந்து ராவினாள். யாரிடமும் அதிகம் பேசியதில்லை. காலப்போக்கில் அந்த வேலை மற்றக் கொல்லர்களுக்கும் பரவியது. மலை தாண்டி, நதி தாண்டி, வேறு நாட்டுப் பட்டறைகளுக்கும் போனது. எங்கே போனாலும் இரும்பு பேசவில்லை. யார் செய்த திருகாணியும் பக்கத்துத் துளைக்கு இணங்கவில்லை. எல்லோரும் தலையில் வெட்டு வெட்டினார்கள், கழுத்தில் கோடு கீறினார்கள். ஏன் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

இன்றைக்கும் அந்த நாடுகளின் பழைய துப்பாக்கி ஒன்றைப் பிரிக்கிறவர்கள் பதறாமல், ஒவ்வொரு திருகாணியாக எடுத்துத் துணியின் மேல் வரிசையாக வைக்கிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை எடுத்து அடுத்ததன் துளையில் வைத்தால் அரைச் சுற்றில் நின்றுவிடும். கழுத்தைத் துடைத்துப் பார்த்தால் ஒரு கோடோ இரண்டு கோடோ தெரியும். கையால் செய்த திருகாணி தனக்கென்று அளந்த துளையைத் தவிர வேறெதற்கும் வளையாமல் போனதும், இரும்பு வாயை மூடிக்கொண்டதும், சாத்தியிருந்த கோட்டைக் கதவுக்கு வெளியே ஒட்டீலியா நின்று கத்திய அந்தக் காலையிலிருந்துதான்.